சேட்டைக் கழற்றிக் கொடுத்தவன்

16 ஜூலை 2016, சனி

காலையிலேயே வெக்கை. ஆபிரிக்காப் பக்கக் காற்று. நேற்றுப் பலேர்மோவில் ரொசாலியா மாதாவின் ஊர்வலம். வியா மக்வேதா தெரு முழுக்க மெழுகு, நத்தை ஓடு, வத்தகைப்பழத் தோல். கட்டடச் சொந்தக்காரி சின்யோராவின் படிகள் கழுவப் புறப்பட்டேன். வழியில் நவத்தின் மளிகைக் கடை. ரிவியில் டாங்கிகள்.

"அண்ணை, உங்கடை பெடியன் துருக்கியிலைதானே? அங்கை ஆமி ஆட்சியைப் பிடிக்க வெளிக்கிட்டதாம்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ, தோத்துப்போச்சு. ஜனாதிபதி ஃபோனிலை முகத்தைக் காட்டிச் சனத்தை றோட்டுக்குக் கூப்பிட்டவர். சனம் போய் டாங்கியை மறிச்சிட்டுது. மனுசன் கெட்டிக்காரன்."

மகன் சீலனுக்கு வைபரில் கோல் எடுத்தேன். போகவில்லை. திரும்பவும் எடுத்தேன். போகவில்லை. சின்யோரா படி கழுவாததற்குக் கத்தினாள். கத்தட்டும்.

சீலன் எங்கள் கடைக்குட்டி. இஸ்தான்புல்லில் ஒரு தையல் பட்டறையில் வேலை, அங்கேயே படுக்கை. விசா எப்போதோ முடிந்துவிட்டது. என்னையும் மனுசியையும் இத்தாலிக்குள் விட்டார்கள்; அவனுக்கு வயது வந்துவிட்டதாம், சட்டத்தில் இடமில்லையாம். குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் அதைச் சொன்ன பெண் நகத்துக்குப் பூச்சுப் பூசியபடி சொன்னாள். மறக்கப்போவதில்லை.

பின்னேரம் அவனே எடுத்தான். உயிரோடு இருக்கிறான்.

"முதலாளி எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. பள்ளிவாசல் ஸ்பீக்கரிலை கூப்பிட்டவங்கள். கைக்குக் கொடியும் தந்தவர்."

"அவங்கடை சண்டையிலை உனக்கென்ன அலுவல்?"

"போகாட்டி, ஏன் போகேல்லை எண்டு பிறகு கேப்பினம்."



17 ஜூலை, ஞாயிறு

மனுசி விடியவே வெறுங்காலோடு மலைக்கு. மாதாவின் குகைக்குப் பலேர்மோத் தமிழ்ச்சனம் பாதி போகும். என்னையும் கூப்பிட்டாள். நான் கேட்ட எதையும் எந்தக் கோயிலும் தந்ததில்லை. போகவில்லை.

அவள் இல்லாத நேரம் பார்த்துச் சீலன் எடுத்தான். நேற்றுச் சொல்லாததைச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம்.

சனம் சிப்பாய்களைப் பெல்ற்றால் அடித்ததாம். ஒருவன் தப்பிப் பட்டறையின் பின் ஒழுங்கைக்குள் ஓடி வந்திருக்கிறான். மீசை முளைக்காத முகம். பயிற்சி என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்களாம். சீலன் தன் நீலச் சேட்டையும் ஜீன்ஸையும் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அவன் மாற்றிக்கொண்டு சனத்தோடு சனமாய்ப் போய்விட்டான். அவனுடைய சீருடை இப்போது பட்டறையில், வெட்டுத் துணிச் சாக்குக்குள்.

"ஏன்ரா அதிலை கை வைச்சனி?"

"யோசிக்கேல்லை அப்பா. கை தன்ரைபாட்டிலை பொத்தானைக் கழட்டிச்சுது."

எனக்கு விளங்கியது. அதுதான் பயம்.

ஊரில் போர் முடிந்த அந்தக் கடைசி மே மாதம், கடற்கரை மணலில், இயக்கச் சீருடையோடு ஒரு பிள்ளை வந்து நின்றாள். மனுசி தன் சோட்டிச் சட்டையைக் கொடுத்தாள். அன்று எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். சாரம், சேட்டு, சீலை, இருந்ததைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை தன் இரட்டைப் பின்னலை அவிழ்த்து, தலையில் குத்தியிருந்த கறுப்புக் கிளிப்புகளை என் கையில் வைத்தாள். "எறிஞ்சு விடுங்கோ ஐயா." பக்கத்தில் சீலன் நின்றான்.

வேறு எந்த ஊர்ப் பெடியன் இப்படிச் செய்வான்? பார்த்துவிட்டுத் தன் வழியில் போயிருப்பான்.

18 ஜூலை, திங்கள்

வாங்க: பருப்பு, பிளீச், மனுசியின் காலுக்குப் பூசும் மருந்து.

இத்தாலியப் பேப்பரை அகராதியோடு இருந்து வாசித்தேன். ஆயிரக்கணக்கில் நீதவான்களை வேலையால் நிறுத்திவிட்டார்கள். நவத்தின் கடையில் இன்னும் கொண்டாட்டம்.

"சனம் வெண்டிட்டுது அண்ணை. சரித்திரம்."

"சனம் வெண்டதெண்டா நீதவானை ஏன் பிடிக்கிறான்? நீதவானோ டாங்கி ஓட்டினவன்?"

"உங்களுக்கு எல்லாத்திலையும் குறைதான்."

ஓம், குறைதான். ஆயிரக்கணக்கான பெயர் ஒரு பொழுதில் எழுதி முடியாது. ஜனாதிபதி முன்பே எழுதி வைத்திருக்கிறான். யாராவது தடக்கி விழட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். சதி வென்றிருந்தால் அவன் போயிருப்பான். தோற்றபடியால் இனி அவனைக் கேட்க ஆளில்லை. நவத்துக்கு இது விளங்காது. அவன் எண்பதுகளிலேயே இங்கே வந்தவன்.

19 ஜூலை, செவ்வாய்

இன்று வாசல் மணி அடித்தபோது வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன். காஸ்காரன்.

தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வா என்று சதுக்கத்தில் சனம் கத்துகிறதாம். பின்னேரமானால் முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரையும் கொடியோடு அங்கே கூட்டிப் போகிறார். இலவசச் சாப்பாடு, இலவச பஸ். சீலனும் போகிறான். கத்துகிறானா என்று கேட்டேன்.

"வாயை அசைப்பன்."

21 ஜூலை, வியாழன்

அவசரகாலச் சட்டம் போட்டுவிட்டான்.

சின்யோரா படியில் நின்று ஆறுதல் சொன்னாள், மூன்று மாதத்துக்குத்தானாம். பாவம். ஊரில் எங்களுக்கு ஒவ்வொரு மாதமாகத்தான் நீட்டினார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே நான் கிழவன் ஆனேன். வாசல் கதவைத் தட்டாமல் திறப்பது, பிடித்தவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாமல் விடுவது, எல்லாம் அதற்குள் இருக்கிறது.

சோற்றை அளைந்துவிட்டு எழும்பினேன். மனுசி கறி சரியில்லையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். கோபித்துக்கொண்டாள். அதுவே நல்லது.

சீலனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீருடையை எரிக்காதே, கோடையில் புகை தெரியும். குப்பையில் போடாதே, கிளறுகிற சனம் உண்டு. பையில் கொண்டு வெளியே போகாதே, சந்திக்குச் சந்தி பை பார்க்கிறார்கள்.

"அப்ப என்னத்தைத்தான் செய்யிறது? சாப்பிடட்டோ?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

"தையல்காரன்தானே நீ" என்றேன். "பிரி."

23 ஜூலை, சனி

வெக்கை இன்னும் குறையவில்லை. மொண்டெல்லோக் கடற்கரை பஸ்ஸில் குடையும் பாயுமாகச் சனம். இவர்களுக்கு என்ன.

முதலாளியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! கொடி வாங்கிக் கொடுத்த மனுசனை! அவருடைய மகள் படித்தது அமெரிக்காவில் இருக்கிற ஒரு மதகுருவின் ஆட்கள் நடத்திய பள்ளிக்கூடமாம். சதிக்குப் பின்னால் நின்றவர் அவர்தான் என்று ஜனாதிபதி சொல்கிறார். முன்பு இருவரும் நல்ல சிநேகிதராம். முதலாளி மகளைச் சேர்த்தது அந்தக் காலத்தில். விலங்கு போடும்போதும் ஜனாதிபதி வாழ்க என்று கத்தினாராம்.

பொலிஸ் பட்டறையைச் சோதிக்கத் திங்கட்கிழமை வருகிறதாம், சொல்லிவிட்டுப் போனதாம். ஓடு என்றேன்.

"இப்ப ஓடினா ஏன் ஓடினவன் எண்டு தேடுவாங்கள். சாக்கையும் கிண்டுவாங்கள். முதல் அதை முடிக்கிறன்."

என் பிள்ளைதான். சொல்வழி கேட்க மாட்டான்.

24 ஜூலை, ஞாயிறு

மனுசி மலைக்கு. போகும்போது வாசலில் நின்று, "நீங்கள் என்னவோ மறைக்கிறியள். நான் கேக்கேல்லை. மாதாட்டைக் கேக்கிறன்" என்றாள்.

ஞாயிறென்றும் பாராமல் படி கழுவினேன். கையில் ஏதாவது வேலை வேண்டும். ஃபோனைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு.

நடுப்படியில் நிற்கும்போது எடுத்தான். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"முடிஞ்சுது அப்பா. முழுக்கப் பிரிச்சிட்டன். ஜக்கெற்றுகளுக்கு உள்பொக்கற்றாத் தைச்சிட்டன். மேலை கறுப்பு லைனிங். நாளைக்கு விடிய லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும்."

"பொத்தான்?"

"பொத்தான் பெட்டிக்குள்ளை. ஆயிரம் கிடக்கு அதிலை."

"சப்பாத்து?"

"அவன் அதோடைதான் போனவன். என்ரை கால் சின்னன்."

மூச்சு வந்தது. படியில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னான், நெஞ்சுப் பக்கம் தைத்திருந்த பெயர்த் துண்டு மட்டும் இருக்கிறதாம். விரலளவு துணி. பொக்கற் தைக்கக் காணாது.

"வெட்டி எறி."

"மனம் வரேல்லை அப்பா. ஆற்றையோ பிள்ளையின்ரை பேர்."

"எறியடா. இப்பவே எறி."

"நீங்கள் எறிஞ்சனீங்களோ?"

அந்தக் கிளிப்புகள் தடுப்பு முகாமின் சோதனை எல்லாம் தாண்டி என்னோடு வந்தவை. இப்போது என் பெர்மெஸ்ஸோ வதிவிட அட்டை வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள், அட்டைக்கு அடியில். அவனுக்குத் தெரியும்.

எறிந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தம் நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள், அல்லது அங்கே வேலை செய்கிற யாராவது எதையோ போட்டிருப்பார்கள். "பொறுங்கோ அப்பா" என்றான். லைன் போனது.

திங்கள் என்றுதானே சொன்னார்கள். இன்று ஞாயிறு.

எடுக்கிறேன். மணி போகிறது. எடுக்கிறேன். மணி போகிறது. இப்போது மணியும் போகவில்லை.

மனுசி இறங்கி வரும் நேரம். பிள்ளை எடுத்தவனோ என்று கேட்பாள். எடுத்தவன்.