உங்கள் பெயரை எடுத்த விவரம்

மதிப்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுதினால்தான் தெரியும். போன கடிதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. கை வலி போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த உங்கள் பெயரைச் சட்டப்படி எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். நாற்பது பேரை மிரட்டி வேலை வாங்க வேண்டும். பதினாறு வருடம் உங்களிடம் பழகியதுதானே. ஆனால் அடையாள அட்டையோ வீட்டு ஒப்பந்தமோ, எந்தத் தாளைக் கொடுத்தாலும் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "அவரைக் கூட்டிட்டு வாங்க, ஒரு கையெழுத்து வேணும்" என்கிறார்கள். ஒன்பது வருடமாக "அடுத்த மாசம் வந்துடுவார்" என்று சொல்லிச் சொல்லி, எனக்கே நம்பிக்கை வந்துவிடும் போலிருக்கிறது.

பதிவு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையில் தேடுகிற ஆள். "புருஷன் இருக்காரா இல்லையாம்மா?" என்றார். "இருக்கார் சார், இங்கதான் இல்ல" என்றேன். "அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா" என்று அவரே வருத்தப்பட்டார், பாவம்.

அப்புறம் கையெழுத்து. கல்யாணமான புதிதில் நீங்கள் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் கையெழுத்துதான் எனக்குத் தெரியும். அது எனக்கு எழுத்து இல்லை, படம். என் பெயர், பேனாவை எடுக்காமல் அப்படியே உங்கள் பெயர், கடைசியில் ஒரு சுழி. என் பெயரை மட்டும் போடச் சொன்னார். என் பெயர் முடிந்தும் கை நிற்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி உங்கள் பெயர் வரை போய்த்தான் நின்றது. மூன்று படிவம் பாழ். "எடுக்கணும்னுதானேம்மா வந்தீங்க?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். நான்காவதில் என் பெயர் முடிந்த இடத்தில், கூட வந்திருந்த மகள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அவள் பெயரில் நீங்கள் அப்படியே இருக்கிறீர்கள். அதில் நான் கை வைக்கவில்லை.

பத்தாம் தேதி செய்தித்தாளில் அறிவிப்பு வரும். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாமாம். தபாலில் எழுதினால் செல்லாதாம், ஆளே நேரில் வர வேண்டுமாம். இதை நானாகக் கேட்கவில்லை, குமாஸ்தாதான் சொன்னார். இரண்டாம் தடவைதான் நான் கேட்டேன், அங்கே ஒரே இரைச்சல். அலுவலகம் நாலு மணி வரை. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இருக்காது. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் முப்பது நாளைக்குப் பழைய பெயரிலேயே இருக்கும்
உங்கள் மனைவி