அண்ணன் சுத்தம் செய்த குட்டை

ஜூன் 4
இடுப்பு விட்டுப்போயிற்று. வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் குட்டையில் தெருவே இறங்கி, நீர்ச்செடி ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டோம். ஏற்பாடு அண்ணன்தான், தெருச் சங்கத் தலைவராயிற்றே. “ஓரத்துலயாவது கொஞ்சம் விட்டு வைக்கலாமே அண்ணா” என்றேன்.
“வந்துட்டா பூச்சி டாக்டர்!”
விலங்கியல் படித்துவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவன் வைத்த பெயர். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அழகுதான்.

ஜூன் 19
பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. செடிகள் உறிஞ்சிவந்த சத்தையெல்லாம் இப்போது மிதக்கும் பாசி தின்று கொழுக்கிறது. ஒளிய இடமில்லாத மீன்குஞ்சுகளைக் கொக்கு பொறுக்குகிறது. தட்டான் செடித் தண்டில் முட்டையிடும் – தண்டு எங்கே? கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லை.

ஜூன் 20
உள்ளங்காலில்கூடக் கொசுக்கடி.

ஜூன் 25
சங்கக் கூட்டம். “மண்ணடிச்சு மூடிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிடலாம்” என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். உள்ள இருந்ததுங்கள எல்லாம் காலி பண்ணிட்டு, இப்ப அதுங்க வீட்டையே மூடுவானா? எழுந்து, மழைக்காலம் முடியும்வரை தவணை கேட்டேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கையும் எழவில்லை.
பிறகு அண்ணி தூக்கினாள். புருஷனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு! “இவரு அலமாரிய ஒழிச்சாலும் இப்படித்தான். அப்புறம் ஒரு சாமான் கைக்குக் கிடைக்காது.”
கூட்டம் சிரித்தது. கைகள் உயர்ந்தன. அண்ணிக்கு இந்த ஜென்மத்தில் நன்றி சொல்லி முடியாது.

ஜூன் 26
குட்டைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் அதே செடி மிச்சமிருந்தது. அண்ணியும் நானும் வாளியில் அள்ளிவந்து ஓரங்களில் ஊன்றினோம். அண்ணன் மாடியிலிருந்து பார்த்தான். இறங்கவில்லை.

ஜூலை 30
நல்ல மழை. நன்றி, நன்றி.

ஆகஸ்ட் 22
தண்டின்மேல் ஒரு வெற்றுத் தோல். தட்டான் உரித்துப்போட்டுவிட்டுப் பறந்திருக்கிறது. அலுவலகத்துக்குத் தாமதம். ஆகட்டும்.

செப்டம்பர் 17
கொசு அடங்கியிருக்கிறது; முழுக்க அல்ல. “உன் தவளைங்க ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்குது” என்று அண்ணி திட்டுகிறாள்.
காலையில் துணி உலர்த்தும்போது சத்தம். புதிதாகக் குடிவந்தவர் முழங்கால் தண்ணீரில், கைநிறையச் செடியோடு நிற்கிறார். கரையில் அண்ணன்: “சார், சார்! புடுங்காதீங்க, அது குப்பை இல்ல!”
“சுத்தம் பண்ணலாமேன்னு...”
“அதெல்லாம் நாங்க பண்ணிப் பார்த்தாச்சு சார். மேல வாங்க.”
அப்புறம்தான் என்னைக் கவனித்தான். காது சிவந்துவிட்டது. “மண் லாரிக்காரர வர வேண்டாம்னு சொல்லிட்டேன். என்ன பூச்சி, சரிதானே?”
தலையாட்டினேன். ஏற்கெனவே பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தேன்.