ஒரு பிடி, ஒரு விரல்

சேசு மரி சூசை துணை
செஞ்சி, 12 பிப்ரவரி 1942

அருளம்மாளின் நைனாவுக்குப் பாக்கியம் எழுதிக்கொண்டது. நானும் குழந்தையும் சுகம். உங்கள் சுகத்தை மாதாவின் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. ஊர்ப் பெயர் இருந்த இடமெல்லாம் பட்டாளத்துக்காரன் கறுப்பு மை பூசிவிட்டான். கப்பல் ஏறினது தெரிகிறது, இறங்கின இடம் தெரியவில்லை. "நைனா எங்க இருக்குது?" என்று அருள் தினமும் கேட்கிறாள். கையைக் காட்டினால், "மலைக்கு அந்தாண்டயா?" என்கிறாள்.

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையை வைத்துவிட்டுத் தபால்காரரைப் பார்க்க வாசலுக்கு வருகிறேன், உள்ளே உலை பொங்கி அடுப்பு அணைகிறது. கிணற்று ஏற்றத்தில் உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து நிலத்து வீராசாமி அண்ணன் மேலே மிதிக்கிறார், நான் கீழே தண்ணீர்ச் சால் பிடிக்கிறேன். அவர் மிதிப்பது உங்களைப் போல இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று எப்படியாவது சொல்லுங்கள்.

உங்கள் பாக்கியம்

*

பட்டாள முகாம், 3 ஏப்ரல் 1942

அன்புள்ள பாக்கியத்துக்கு ஆரோக்கியநாதன் எழுதுவது. குழந்தைக்கு முத்தம்.

ஊரைச் சொன்னால் மை பூசுவார்கள். வானத்தைப் பூசும் அளவுக்கு இவர்களிடம் மை கிடையாது. கப்பலில் ஒரு மாலுமி சொல்லிக் கொடுத்ததைக் கேள். பொழுது சாய்ந்ததும் வடக்கே பார். ஏழு மீன்கள் சேர்ந்திருக்கும், நான்கு கட்டில் போல, மூன்று வால் போல. வால் இல்லாத பக்கத்து இரண்டையும் சேர்த்துக் கோடு இழு. அதே போக்கில் ஐந்து பங்கு தூரம் போனால் தனியாக ஒன்று நிற்கும். அதுதான் துருவன். மற்றதெல்லாம் அதைச் சுற்றும், அது அசையாது.

கையை நேரே நீட்டி விரல்களை மடக்கு. அடிவானத்திலிருந்து கை மாற்றிக் கை, பிடி மேல் பிடி வைத்து அளந்து பார். ஒரு பிடிக்குப் பத்துப் பாகை. இங்கே துருவன் மூன்று பிடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறான். கப்பல் வடக்கே வர வர அவன் ஏறியதை நானே பார்த்தேன். பூமி உருண்டை என்று பங்குச் சாமியார் சொன்னபோது சிரித்தவன், இப்போது நம்புகிறேன். பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் குறுக்குக் கோடுகளின் எண்ணைப் பார், துருவனின் பாகையும் அதுவும் ஒன்றுதான், புரியும்.

உன் பிடி சின்னது என்று தகராறு செய்யாதே. பிடி சின்னதானால் நீட்டின கையும் குட்டை. கணக்கு சரியாகத்தான் வரும்.

ஆரோக்கியநாதன்

*

சேசு மரி சூசை துணை
செஞ்சி, 20 மே 1942

அருளின் நைனாவுக்கு,

வீட்டிலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கிருஷ்ணகிரி மலை வடக்கை மறைக்கிறது. சிங்கவரம் சாலையில் மல்லாட்டை விதைத்த நம் கொல்லைக்குப் போய் அளந்தேன். ஒரு பிடி, அதன் மேல் ஒரு விரல். வழியில் போனவர்கள், "பாக்கியத்துக்கு இன்னா ஆச்சு, வானத்தக் குத்துது?" என்றார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்து மீனம்பாள் டீச்சர் படத்தை விரித்தார். விரல் என்றால் இரண்டு பாகையாம். பன்னிரண்டாம் கோட்டில் நாம். முப்பதைத் தாண்டின கோட்டில் கப்பல் போகிற மேற்குப் பக்கமாக விரலை ஓட்டினோம். ராஜாவுக்குப் பயந்து நம் மாதா குழந்தை சேசுவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன தேசத்தில் விரல் நின்றது. பெயரை எழுதவில்லை, பட்டாளத்துக்காரனுக்கு மை மிச்சம்.

அங்கேதான் சண்டை என்று பேப்பரில் போடுகிறார்களாம். தெரியாமல் தவித்தேன், தெரிந்தும் தவிக்கிறேன். எல்லாம் சுற்றும்போது துருவன் மட்டும் எப்படிச் சும்மா நிற்கிறானோ. எனக்கு அந்த வித்தை வரவில்லை.

பாக்கியம்

*

அன்புள்ள பாக்கியத்துக்கு,

வலது கையில் சிறு புண். ஆகையால் நான் சொல்ல நண்பர் பச்சமுத்து எழுதுகிறார். கவலைப்படாதே. இன்னும் அதே தேசத்தில்தான் இருக்கிறேன். ஊர் திரும்ப இரண்டு மூன்று வருடம் ஆகலாம். எனக்காகக் காத்திராமல் நிலத்தை வீராசாமிக்குக் குத்தகைக்கு விட்டுவிடு. உறையில் உள்ள புது எண்ணுக்குப் பதில் போட்டால் வரும்.

இங்கே நல்ல மழை, கூரை ஒழுகுகிறது. மழை விட்டால் கட்டிலில் உட்கார்ந்தபடியே வாசல் வழியாகத் துருவனைப் பார்ப்பேன். நேற்றும் அளந்தேன். ஒரு பிடி, மேலே ஒரு விரல். அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆரோக்கியநாதன்

*

சேசு மரி சூசை துணை
செஞ்சி, 9 அக்டோபர் 1942

அருளின் நைனாவுக்கு,

நான்கு மாதம் சத்தமே இல்லை. பிறகு யாரோ எழுதின கடிதம், அதில் தேதி இல்லை, உறையில் முத்திரை தேய்ந்திருக்கிறது. சரி போகட்டும். மூன்று பிடி எப்படி ஒரு பிடி ஆயிற்று? துருவன் இறங்கினானா, நீங்கள் இறங்கி வந்தீர்களா?

திரும்பவும் டீச்சரிடம் ஓடினேன். பன்னிரண்டு பதின்மூன்றில் ஏடன் இருக்கிறது. அங்கே மழையே கிடையாதாம். பிறகு மங்களூர், பெங்களூர், வேலூர், நாம். பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு மூன்று வருடம் என்கிறீர்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடு என்கிறீர்கள். வேறொருத்தியா? எதுவானாலும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். இன்னொருவர் எழுதி வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

பாக்கியம்

*

பெங்களூர், பட்டாள ஆஸ்பத்திரி
21 அக்டோபர் 1942

பாக்கியம்,

இது இடது கை எழுத்து. கோணலைப் பொறுத்துக்கொள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஜூலையில் குண்டு. ஆகஸ்டில் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள். வேறொருத்தி இல்லை, மாதா அறிய.

ஒற்றைக் கையால் மாடு பூட்ட முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. உனக்கு இன்னொரு பிள்ளையாக வந்து உட்கார எனக்கு மனசில்லை. அருள் பயந்துவிடுவாள். பொய் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். துருவனைப் பற்றிப் பொய் சொல்ல மட்டும் தோன்றவில்லை.

வராதே.

ஆரோக்கியநாதன்

*

சேசு மரி சூசை துணை
செஞ்சி, 28 அக்டோபர் 1942

அருளின் நைனாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இரண்டு மாதமாக நான் கொல்லையில் நின்று, உங்களுக்குத் துருவன் தெரிகிற மூன்று பிடி உயரத்தைப் பார்த்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் பெங்களூரில் படுத்துக்கொண்டு எனக்குக் கதை விட்டிருக்கிறீர்கள்.

ஏற்றம் மிதிக்கக் கால்தானே வேண்டும்? கீழே சால் பிடிக்க என்னிடம் இரண்டு கை இருக்கிறது. வீராசாமி அண்ணனிடம் இனி ஆள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அருளிடமும் மறைக்கவில்லை. "இன்னொரு கை இருக்குதுல்ல?" என்றாள். இருக்கிறது என்றேன். விளையாடப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை கரியில் ஓடுகிற பஸ்ஸில் திருவண்ணாமலை போய் ரயில் ஏறுகிறோம். காட்பாடியில் வண்டி மாற வேண்டுமாம், கேட்டு மாறிக்கொள்கிறேன்.

மூன்று பிடி அளக்கத்தான் கை மாற்றிக் கை வேண்டும். நம் ஊருக்கு ஒரு பிடி போதும், அது உங்களிடம் இருக்கிறது. மேலே வைக்கிற விரலை நான் வைக்கிறேன்.

உங்கள் பாக்கியம்