நூற்றிருபது டிகிரி

23-8-2003, சனி

கம்ப்யூட்டர் லேப் கிடைத்துவிட்டது! வாரம் இரண்டு மணி நேரம். "கெமிஸ்ட்ரிக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு?" என்று துறைத்தலைவர் சகாதேவன் சார் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூலக்கூறுகளைத் திருப்பிக் காட்டும் சி.டி. ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். போன வருடம் எம்.எஸ்சி. முதலாண்டில் சமச்சீர் தாளில் பாதிப் பேர் ஃபெயில். கரும்பலகையில் நான் எவ்வளவு சுற்றினாலும் அவர்கள் மண்டைக்குள் எதுவும் சுற்றவில்லை.

6-9-2003, சனி

இன்று அமோனியா. கோணத்தைத் தட்டி எண்டர் அழுத்தினால் படம் சட்டென்று அந்த அளவு திரும்பிவிடும். கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலை ஊர்ப் பெண் பொன்னி இன்றுதான் முதல்முதலாகக் கீபோர்டைத் தொட்டாள். நூற்றிருபது டிகிரி தட்டினாள். எழுந்து நின்றாள்.

"மேடம், ஹேங் ஆயிடுச்சுங்க. நாலு வாட்டி தட்டிட்டேன், அசையவே மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வகுப்பும் சேர்ந்துகொண்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது – மூன்று ஹைட்ரஜனும் இடம் மாறித்தான் நின்றன. மாறியதே தெரியவில்லை. ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தி நான் சொல்ல நினைத்ததை அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்திருக்கிறேன்.

9-9-2003

பொன்னி இரண்டு நாளாக வரவில்லை. "இனிமே வரமாட்டேன்றா மேடம்" என்கிறாள் அவள் தோழி கவிநிலா. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?

10-9-2003, பௌர்ணமி

சாயங்காலம் கிரிவலக் கூட்டத்தோடு நடந்து பொன்னியின் அம்மா மணியம்மாளின் சுக்குக் காபிக் கடைக்குப் போனேன்.

"டீச்சரம்மாவா? இவ கம்ப்யூட்டர கெடுத்துட்டாளாமே?"

"கெடுக்கலங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

பொன்னி தலை நிமிராமல் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும்தான்."

"நான் சிரிச்சது தப்பு பொன்னி. நீ சொன்னதுதான் பாடமே. திரும்புச்சு, ஆனா திரும்பினதே தெரியல. அதுக்குப் பேருதான் சமச்சீர்."

கூட்டம் அவசரப்படுத்தியது. பக்கத்தில் நின்று நானும் வந்தவர்களுக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து பேர் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ தொண்ணூறு தட்டுனா தெரியுமா மேடம்?"

"வந்து தட்டிப் பாரு."

11-9-2003

வந்துவிட்டாள். மதியம் லேப் காலியாக இருந்த நேரத்தில் தட்டினாள். தெரிந்தது.

20-9-2003, சனி

ஹைட்ரஜன் பெராக்சைடை வழக்கம்போல் தட்டையாக வரைந்து, "இதுக்குக் கண்ணாடித் தளம் உண்டு, நடுவுல கண்ணாடி வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்" என்றேன். பொன்னி கையைத் தூக்கினாள்.

"இல்லைங்க மேடம். கம்ப்யூட்டர்ல திருப்பிப் பாருங்க. ரெண்டு ஹைட்ரஜனும் பாதி தொறந்த புக்கு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போவுது."

பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஆறு வருடமாகத் தப்பு வரைந்திருக்கிறேன்! முகம் சூடாகிவிட்டது. பலகையை அழித்து, சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். என்ன ஒரு நாள்!

21-2-2004, சனி

பஸ் பழுதாகி அரை மணி தாமதம். எல்லோரும் கலைந்திருப்பார்கள் என்று ஓடினேன். லேபில் கால் வைக்க இடமில்லை. யார் கூப்பிட்டார்களோ, பி.எஸ்சி. பிள்ளைகளும் வந்திருந்தார்கள். முன்னால் பொன்னி. "எண்டர் தட்டறதுக்கு முன்னாடி சொல்லுங்க, எப்படி நிக்கும்?" ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் சொன்னாள்: "யாருங்க அது, கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

நகர்ந்து நின்றுகொண்டேன்.