பதினேழாம் எண்ணின் குறிப்பேடு

23ஆம் தேதி, வியாழக்கிழமை
காலை பத்து மணி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் இருமல் நின்றதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசியபோது மூன்று முறை இருமினாய். மூன்று முறையும் 'ஒண்ணுமில்லம்மா' என்றாய். ஒன்றுமில்லாததற்கு யாரும் இருமுவதில்லை. வெந்நீர் குடி.

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கூரியர் கடைக்காரர் நான்கு மணிக்குப் பையைக் கட்டிவிடுவார். இன்று கொடுத்தால் சனிக்கிழமை உன் கையில் இருக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார். உன் ஆய்வின் இடைக்கால அறிக்கை செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக் குழுவுக்குப் போகிறது. அதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வாரம் மூன்று முறை உன்னை அழைத்தேன். ஒரு முறை சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும், ஒரு முறை மாடிப்படி விளக்கைப் பற்றியும், ஒரு முறை எதைப் பற்றி என்று எனக்கே நினைவில்லாத ஏதோ ஒன்றைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். தவிர, தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

உட்கார்ந்து படி. உன் ஆய்வில் இருக்கும் பதினேழாம் எண் நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆய்வு தொடங்குவதற்கு முன் ஒருநாள் நீயே சொன்னாய். 'நம்ம வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலதான்மா நடக்கப் போகுது. அறுபது தாண்டின இருபது பேர். பதினாறு வாரத்துக்குக் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை, அவ்வளவுதான்' என்றாய். நான் சும்மா, நானும் சேரலாமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். 'உன்னால முடியாதும்மா. நீ ஒரு வாரம் தாங்க மாட்டே' என்றாய்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நான் சுகாதார நிலையத்தின் வாசலில் நின்றேன். உங்களுக்கெல்லாம் எண் மட்டும்தான் வரும், பெயர் வராது என்று செவிலி சொன்னாள். பதினாறு வாரமும் முடிந்து, முதல் மதிப்பெண் வாங்கியது யார் என்று நீ வியக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆய்வு நடத்துபவரின் உறவினரா என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. இருந்திருந்தால் உண்மையைத்தான் எழுதியிருப்பேன். அடுத்த முறை அந்தக் கேள்வியைச் சேர்த்துவிடு.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து பத்திகள் போட்டிருந்தாய்: நேரம், உணவு, அளவு, இடம், யாருடன். முதல் பத்து நாளும் நான் எழுதியது ஒவ்வோர் எழுத்தும் உண்மை. பயறு ஒரு கிண்ணம், கீரை ஒரு கிண்ணம், வீட்டில், தனியாக. காலையில் தனியாக. மதியம் தனியாக. இரவு தனியாக. நீ அந்தக் கடைசிப் பத்தியை எதற்குப் போட்டாய் என்று ஒவ்வொரு வேளையும் எரிச்சலாக இருந்தது. உணவு பிடிக்காமல் போகவில்லை. வேகவைத்த பயறில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்ல எதிரே ஆள் இல்லை.

பதினோராம் நாள் உன் அத்தையிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. உன் அப்பாவின் குடை அவள் வீட்டில் இருக்கிறதாம், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாமாம்.

உனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். நீ படிக்கப் போன ஆண்டு, அவள் வீட்டு மேசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்: 'இருக்கிற ஒரே பொண்ணையும் கண்காணாத தூரத்துக்கு அனுப்பிட்டு, நாளைக்குத் தனியா உக்காந்து என்ன அண்ணி செய்யப் போறீங்க?' நான் எழுந்து கை கழுவினேன். இனி உன் வீட்டுச் சோற்றில் ஒரு பருக்கையைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுகள் தொடவில்லை. உன் அப்பா மட்டும், உயிரோடு இருந்தவரை, சனிக்கிழமைதோறும் தங்கையைப் பார்த்து வருவார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்னதும் இல்லை. நீ என் பக்கம் நின்றாய். அத்தையோடு பேச்சையே விட்டுவிட்டாய். அப்போது அது எனக்கு நிறைவாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

குடையை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவது என்றுதான் போனேன். முன்னறை முழுவதும் பள்ளிச் சீருடைத் துணி. தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்து எழாமலேயே, 'வாங்க கலெக்டரம்மா, ஆய்வுக்கு வந்திருக்கீங்களா?' என்றாள். மதியச் சாப்பாட்டு நேரம். துணி வெட்டும் மேசையை ஒதுக்கித் தட்டு வைத்தாள். நான் என் சொல்லை நினைவூட்டினேன். 'நல்லா ஞாபகம் இருக்கு. சோத்தைத்தானே தொட மாட்டேன்னீங்க? கறியை ஒண்ணும் சொல்லலையே. அது பாவம், உங்களுக்கு என்ன செஞ்சுது?' என்று தட்டு நிறைய ஆட்டுக்கறியை வைத்தாள். மேலே இரண்டு அவித்த முட்டை. வைத்துவிட்டுத் தன் தட்டின் விளிம்பை விரலால் இரண்டு முறை தட்டினாள். அதற்குப் பிறகுதான் முதல் வாய் எடுத்தாள்.

உன் அப்பாவும் அப்படித்தான் தட்டுவார். உனக்கு நினைவிருக்கும்.

நான் சாப்பிட்டேன்.

அன்று இரவு குறிப்பேட்டைத் திறந்தபோது உணவுப் பத்தியில் உண்மையை எழுத எனக்குத் தடையே இல்லை. தவறினேன் என்று எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண் குறைந்திருக்கும், அவ்வளவுதானே. ஆனால் கடைசிப் பத்தி இருந்தது. யாருடன் என்பதற்கு என்ன எழுதுவது? நாத்தனாருடன் என்று எழுத என் கை போகவில்லை. தனியாக என்று எழுதினேன். தனியாக என்று எழுதிய பிறகு, தனியாக இருப்பவள் ஆட்டுக்கறி எங்கே வாங்கினாள், எப்போது சமைத்தாள்? ஆகவே பயறு ஒரு கிண்ணம் என்று எழுதினேன். பிறகு அதற்கு அடுத்த சனிக்கிழமை. பிறகு புதன்கிழமையும். ஐந்தாம் வாரம் முதல் வாரத்துக்கு நான்கு நாள். மிச்சத்தை டப்பாவில் கட்டிக் கொடுப்பாள், அதுவும் வீட்டுக்கு வரும். குடை மட்டும் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் எடுக்க மறந்துவிடுகிறேன்.

மணி பதினொன்றரை. நடுவில் எழுந்து கூரியர் கடை திறந்திருக்கிறதா என்று மாடியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். திறந்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன், எட்டாம் வார இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நீ தொலைபேசியில் சொன்னாய்: 'பதினெட்டு பேருக்கு ரத்தத்துல கொழுப்பு இறங்கியிருக்கும்மா. ஒருத்தர் பாதியில விட்டுட்டார். இந்தப் பதினேழாம் நம்பர்தான் புரியவே இல்லை. நோட்டுல ஒரு வேளை தவறலை. ரத்தத்துல ஒரு புள்ளி அசையலை. குழுத் தலைவர் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறார். இவ்வளவு ஒழுங்கா இருந்தவங்களுக்கே பலன் இல்லைன்னா, மருத்துவமனைச் சாப்பாட்டை எதுக்கு மாத்தணும்னு கேக்குறார்.' அந்த எண்ணை விட்டுவிட்டு எழுதேன் என்றேன். 'அது நேர்மை இல்லம்மா' என்றாய். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பதிலுக்குப் பெருமைப்பட்டிருப்பேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெறுங்கையோடு வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் பேருந்தேறி உன் அத்தையிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் சிரித்துச் சிரித்து நூலைத் தவறவிட்டாள். 'பரீட்சையில காப்பி அடிச்சிருக்கீங்க அண்ணி. அதுவும் பெத்த பொண்ணு வச்ச பரீட்சையில' என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, 'கறி திங்கவா இங்க வர்றீங்க? நான் பயறு அவிச்சு வச்சா வர மாட்டீங்களா?' என்று கேட்டாள். மறுநாள் அவள் பயறுதான் வைத்திருந்தாள். காளான், கீரை, நிலக்கடலை அரைத்து ஊற்றிய குழம்பு. 'ஆட்டைக் கொடுங்கன்னு கேட்டா ஆட்டோட சாப்பாட்டைக் கொடுக்கச் சொல்றா உங்க பொண்ணு' என்று முனகிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். பாலில்லாத தேநீரை மட்டும் அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. அவள் வீட்டுக்குப் போகும் வழியில் கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. ஒரு கிலோ கறிக்கு எத்தனை கிலோ தானியம், எவ்வளவு தண்ணீர் என்று நீ பல முறை சொல்லியிருக்கிறாய். எனக்குக் கணக்குச் சொல்லித் தராதே என்று நானும் பல முறை சொல்லியிருக்கிறேன். பேருந்து அந்தப் பண்ணை வாசலில் எப்போதும் கால் மணி நேரம் நிற்கும். வேறு வேலை இல்லாமல் லாரிகளை எண்ணத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் சோளம் ஏற்றி உள்ளே போனவை இருபத்தாறு. கோழி ஏற்றி வெளியே வந்தவை ஒன்பது, அவற்றிலும் பாதி கூண்டுதான். நான் பார்த்த நேரம் மட்டும்தான் இது, ஆய்வு என்று சொல்ல மாட்டேன். பண்ணைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் நுரை மிதக்கிறது. உன் அத்தை கிணற்றை மூடிப் பலகை போட்டுவிட்டாள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறாள். 'கோழி பக்கத்துல வளருது, தண்ணி தூரத்துல இருந்து வருது' என்கிறாள். நீ சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. இது என் கண்ணால் பார்த்தது.

நேற்று பரிசோதனை நிலையத்தில் என் செலவில் இரத்தம் கொடுத்தேன். தொடக்கத்தில் 248. எட்டாம் வாரமும் அதே 248. நேற்று 219. தாளை இதோடு இணைத்திருக்கிறேன். மூன்று வாரம் போதாது, ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். சரிதான். நீ எதுவும் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும்.

அங்கிருந்து நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், ஏற்கெனவே ஒப்படைத்திருந்த பழைய குறிப்பேட்டைக் கேட்டேன். 'முத்து முத்தா எழுதியிருக்கீங்க, இதுல என்னம்மா திருத்தப் போறீங்க?' என்று செவிலி கேட்டாள். நான் படித்த கான்வென்டில் தவறை அழிக்க விடமாட்டார்கள். தவறின் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே சிவப்பில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பத்திரண்டு வேளைகள். இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து திருத்தினேன். கடந்த மூன்று வாரத்தில் உணவுப் பத்தி உண்மை, ஆனால் கடைசிப் பத்தியில் பொய்தான் எழுதிவந்தேன், அதையும் திருத்தினேன். செவிலி எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில்தான், 'மேடம் ரொம்பக் கண்டிப்பாமே, திட்டுவாங்களேம்மா' என்று கவலைப்பட்டாள். யார் வளர்த்த கண்டிப்பு என்று நான் சொல்லவில்லை. திருத்தங்களைக் கணினியில் ஏற்ற அவளுக்குப் பத்து நாள் ஆகுமாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே என் பெயரையும் உறவையும் போட்டு எழுது. பதினேழாம் எண் பொய் எழுதியது, ஆகையால் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று எழுது. அம்மா ஆயிற்றே என்று 'தவறுதலாக' என்ற சொல்லைப் போட்டுவிடாதே. தவறுதலாக எழுதவில்லை. அந்தத் தலைவர் உன்னைக் கேலி செய்தால் என் முகவரியைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் அங்கிருந்து உன் அத்தை வீட்டுக்குப் போனேன். சிவப்பு மை என் விரலில் இருந்ததைப் பார்த்தாள். கீரையும் பயறும் வைத்தாள். பிறகு என்னைக் கேட்காமலேயே தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு, உடனே திரும்பி ஜன்னல் திரையைச் சரிசெய்யத் தொடங்கினாள். அந்தத் திரை நேராகத்தான் இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் நான் பாதிச் சோற்றைச் சாப்பிட்டிருந்தேன். இரவு குறிப்பேட்டில் எழுதினேன்: சோறு, ஒரு கரண்டி. துணி வெட்டும் மேசையில். நாத்தனாருடன்.

மணி மூன்று. இனி எழுதினால் கடை மூடிவிடும்.

நீ சாப்பிடுவது கணினிக்கு முன்னால்தான் என்று எனக்குத் தெரியும். பேசும்போது தட்டில் கரண்டி உரசும் சத்தத்தோடு விசைகளைத் தட்டும் சத்தமும் கேட்கிறது. உன் குறிப்பேட்டில் கடைசிப் பத்தியை நீ எப்படி நிரப்புவாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்காக நீ ஒருவரோடு பேசாமல் இருக்கிறாய். அது இனி எனக்கு வேண்டாம். நீ இன்னும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாயா என்று அவள் நேற்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவள் வீட்டுத் தொலைபேசி எண் பழையதுதான். எல்லோரும் கைப்பேசிக்கு மாறிய பிறகும் அந்தப் பழைய இணைப்பை அவள் எடுக்கவில்லை. நீ சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்தது அந்த ஓர் எண்ணைத்தான். அதனால்தான் வைத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நாங்கள் இருவரும் அங்கே மேசையில் இருப்போம்.

இருமலுக்கு வெந்நீர். உன் தட்டுக்கு எதிரே என்றும் ஒரு தட்டு இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா