வண்டிக்கு ஒரு குறையும் இல்லை

தெங்கேரா, மலாக்கா
1934 செப்டம்பர் 23

அன்பு மகன் கணேசலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் கூச்சிங்கில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் இருக்கிறாய் என்ற செய்தி அடுத்த கப்பலில் வரவேண்டும். போன மாதம் நீ போட்ட கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்துக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி அப்பா அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். உன் கையெழுத்தில் ஒரு பிழையும் இல்லை, வழக்கம்போல மணிமணியாகத்தான் இருந்தது. அதில் நீ காரின் முன்விளக்குகளை எடுத்துவிட்டுப் பெரிதாகப் போடச் சொல்லியும், மார்கழி லீவுக்கு நீ வந்து இறங்கும்போது அப்பா அந்தக் காரிலேயே சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்றும் ஆசையாக எழுதியிருந்தாய். அதை வாசித்த நாள் முதல் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, எனக்கு உறக்கம் இல்லை. அதனால்தான் இந்த முறை அவர் எழுதாமல் நான் எழுதுகிறேன். காரியம் இதுதான். நீ எங்களுக்கு விட்டுப்போன காருக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குத்தான் கண் தெரியவில்லை.

எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் கோவிலடி வளைவில் வண்டியின் மட்கார்டு மதிலில் உரசியது. அப்பா இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்டீரிங் இடப்பக்கம் இழுக்கிறது என்றார். கார் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஒரு தனிச் சாதி, ஒருவருடைய கார் இருமினால் மற்றவர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். ரயில்வேயில் பென்ஷன் எடுத்துக்கொண்டு நம் தெருக்கோடியில் இருக்கிற நவரட்ணத்தை உனக்குத் தெரியும், அவர்தான் முதலில் வந்தார். வந்து, அண்ணை, டயருக்குள்ள காத்துக் காணாது, வேறை ஒண்டும் இல்லை என்று சொல்லி, தன் கையாலேயே காற்று அடித்துவிட்டு, இரண்டு கோப்பை கோப்பியும் குடித்துவிட்டுப் போனார். காற்று நிறைந்த டயரோடு வண்டி அடுத்த கிழமை பாசாரில் ஒரு மலாய்க்காரி குவித்து வைத்திருந்த ரம்புத்தான் பழங்களின் மேல் ஏறியது. அதற்குப் பிரேக் காரணம் என்று தீர்மானமாயிற்று. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே வேலை செய்கிற சிவசாமி சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு லா ஐயா, முன்கண்ணாடி பழசாப்போச்சு, அதான் மங்கலாத் தெரியுது, மாத்திட்டுப் பாருங்க, இங்கேருந்தே சிங்கப்பூர் தெரியும் என்றான். மாற்றினோம். புதுக் கண்ணாடியின் ஊடாகப் பார்த்த அப்பா, இவன் பழையதையே கழுவிப் போட்டிட்டான் என்று என் காதில் சொன்னார்.

இவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. காணிக் கந்தோரில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் போய், உமக்குக் கண் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா. கார் எந்தக் கந்தோரிலும் வேலை பார்த்ததில்லை, ஆகையால் எந்தக் குறையையும் அதன் தலையில் போடலாம். இப்படியாக மலாக்காவிலேயே மிகுந்த மரியாதையோடு பழுதுபார்க்கப்பட்ட கார் நம்முடையதுதான். நீயும் கடல் தாண்டி இருந்துகொண்டு விளக்கை மாற்றச் சொல்லி இந்தத் தொண்டில் சேர்ந்துகொண்டாய்.

நானும் சேர்ந்துதான் இருந்தேன். ஒரு நாள் காலை கோவிலுக்குப் போகும்போது, வெயில் நன்றாக ஏறியபின், இந்த வருசம் பனி விலகவே இல்லை என்ன என்று அப்பா கேட்டார். தென்னோலை ஒவ்வொன்றும் வெயிலில் கத்தியாக மின்னிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் அத்தனை சந்தோஷம் இருந்தது. ஓம், நல்ல பனிதான் என்று சொல்லிவிட்டேன். பொய்யாத பிள்ளையாரைக் கும்பிடப் போகிற வழியில் அன்றிலிருந்து நாள்தோறும் ஒரு பொய் சொன்னது நானாகத்தான் இருக்கும், பிள்ளையார் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதன்பிறகு எங்கள் பயணங்கள் ஒரு விதமாக மாறிப்போயின. நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன். அங்க பாருங்கோ, வலப்பக்கத்தில ஒரு சீனத்தி சைக்கிளில ரெண்டு வாத்தைக் கட்டிக்கொண்டு வாறா என்பேன். அப்பா வண்டியை மெல்ல இடப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு, வாத்து இப்ப என்ன விலை விக்குதாம் என்பார். மாட்டு வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரப்பாலம், படுத்திருக்கிற எருமை எல்லாம் இப்படிக் கதையாக வந்து அவர் காதில் ஏறி, கையில் இறங்கி, ஸ்டீரிங்காகத் திரும்பும். அவரும் தன் பங்குக்குத் தான் காண்பதைச் சொல்லிக்கொண்டு வருவார். மரங்கள் வேர் இல்லாமல் மிதக்கின்றனவாம், ஆட்கள் பால் கலங்கலில் இருந்து புறப்பட்டு வந்து பக்கத்தில் ஒரு கணம் முகம் காட்டிவிட்டுத் திரும்பவும் அதிலேயே கரைந்து போகிறார்களாம், கடல் எது வானம் எது என்று யாரும் இன்னும் பிரித்து வைக்கவில்லையாம். கலியாணம் முடித்து வந்த நாள் முதல் இந்த ஊரில் இருக்கிறேன் மகன், இது இவ்வளவு வடிவான ஊர் என்று எனக்கு இதற்குமுன் யாரும் சொன்னதில்லை. சில நாட்களில் நானும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படிப் பார்க்க முயன்றேன். ஆனால் இரண்டு பேரும் அப்படிப் பார்த்தால் வண்டி கால்வாயில் கிடக்கும்.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. சிங்கப்பூர் போகும் வழியில் மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஆற்றைக் கடக்கக் காரைத் தட்டைப் படகில் ஏற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கரையில் இருந்து படகுக்கு இரண்டு பலகை போட்டிருப்பார்கள், இரண்டு பக்கச் சக்கரமும் அந்தப் பலகைகளின் மேலேயே போகவேண்டும், ஒரு முழம் தவறினால் ஆறு. எனக்கு அந்தப் பலகைகள் கனவில் வரத் தொடங்கின. சொல்லிப் பார்த்தேன், ரயிலில் போவோம் என்றேன். பிள்ளை கார் எண்டல்லோ எழுதியிருக்கிறான் என்றார். பிறகு அவரே, முதலில் மூவார் மட்டும் போய் ஒத்திகை பார்ப்போம் என்று ஒரு நாளைக் குறித்தார். நவரட்ணம் கார்புரேட்டரைக் கவனிப்பதற்காகப் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார்.

இரண்டு கிழமைக்கு முன், ஒரு வியாழக்கிழமை போனோம். ரப்பர் காய் வெடிக்கிற காலம், மெர்லிமாவ் தாண்டியதும் இரண்டு பக்கத் தோட்டத்துக்குள்ளும் பட்டுப் பட்டென்று வெடித்து, விதை வண்டிக் கூரையில் விழுந்து உருண்டது. அப்பா அந்தச் சத்தத்தைத் தாளம் போலக் கேட்டுக்கொண்டு மெல்ல ஓட்டினார். நிழல், வெயில், நிழல், வெயில் என்று சாலை எங்களைத் தாலாட்டிக்கொண்டு போனது. என் வாய் ஓயவில்லை. நவரட்ணம் பின்னால் இருந்து, அக்கா இண்டைக்கு நல்லாய்க் கதைக்கிறா என்றார். நான் நிறுத்தியிருந்தால் அவர் கதையும் அன்றோடு முடிந்திருக்கும்.

மூவார்த் துறையில் படகு வந்து நின்றது. பலகை போட்டார்கள். மலாய்க்காரப் படகோட்டி கையை அசைத்து, மாரி துவான், மாரி, பெலான் பெலான் என்று மெல்ல வரச்சொல்லிக் கூப்பிட்டான். வண்டி சரிவின் தலைப்பில் போய் நின்றது, எஞ்சினும் நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அதன் பின்னால் ஒரு லாரி அடித்தது. அப்பா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வாத்தையும் எருமையையும் சொல்லலாம், ஒரு முழத்தை எப்படிக் கதையாகச் சொல்வது? நவரட்ணம், ரேடியேட்டர் கொதிச்சிட்டுது, நான் தண்ணி கொண்டாறன் என்று இறங்கினார். ரேடியேட்டர் கொதிக்கவில்லை. அவரும் பஸ்காரனுமாக வண்டியைக் கையால் தள்ளி ஒரு மரத்தடியில் விட்டார்கள். பஸ் ஏறியது, லாரி ஏறியது, படகு போனது.

நாங்கள் இருவரும் வண்டிக்குள்ளேயே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, பனியை விட்டிட்டுச் சொல்லும், அங்க என்ன தெரியுது என்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நீர் முதல் முதல் ஓம், பனிதான் எண்டு சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும், வெயில் தோளில சுட்டுக்கொண்டெல்லோ இருந்தது, நீர் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லுறீர், நான் ஏன் கெடுப்பான் எண்டு இருந்திட்டன் என்றார். பிறகு நான் உள்ளதைச் சொன்னேன். ஆறு பழுப்பாக, அகலமாக இருக்கிறது, அக்கரையில் தகரக் கூரைகள், கரையில் ஒரு பெண் துணி அலசுகிறாள், பலகை இரண்டும் ஈரமாகக் கிடக்கின்றன என்று. பலகை ரெண்டோ, எனக்கு ஒண்டும் தெரியேல்லை, தண்ணியும் வானமும் ஒண்டாய்க் கிடக்கு என்றார். தெரியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு, பிள்ளைக்கு முன்னால நான் என்னெண்டு ரயிலில போய் இறங்கிறது என்று கேட்டார். ரயிலில வந்தால் அவன் உங்களை ஆரெண்டு கேக்கமாட்டான் என்றேன். அதற்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த படகும் அதற்கடுத்த படகும் வந்து போகும் வரை, கொண்டுபோன இடியப்பத்தைத் தின்றுகொண்டு, நான் காண்பதை நானும், காணாததை அவருமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நவரட்ணம் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரோடு வந்தார். எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். தண்ணீரை மெல்ல நிலத்தில் ஊற்றிவிட்டு, அண்ணை, வண்டிக்கு இடப்பக்கத்தில ஒரு சத்தம் கேக்குது, நீங்க அங்கால இருந்து வடிவாய்க் கேளுங்கோ, நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கிறன் என்றார். அவரைப் பற்றி நான் இத்தனை மாதமாக நினைத்ததில் பாதியை அந்த இடத்திலேயே திருப்பி எடுத்துக்கொண்டேன். அப்பா இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டு சுற்றிவந்து, நான் பின் ஆசனத்துக்கு மாறிக்கொள்ள, இடப்பக்கம் ஏறினார். வீடு வரும்வரை காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்து, வாசலில், சத்தம் ஒண்டும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார், நான் கூப்பிடக்கூட இல்லை. இரண்டு கண்ணிலும் புரையாம். வெட்டி எடுக்கலாமாம், ஆனால் இப்போது இல்லை, அது முற்ற வேண்டுமாம். பலாக்காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்க்கிறவரைப் போல, தை பிறந்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதுவரை கார் சும்மா நின்றால் பற்றரி செத்துப்போகும் என்று அப்பாவுக்குக் கவலை. அந்தக் கவலையில் இருந்து விளைந்ததுதான் இது, நீ சிரிக்கக் கூடாது, நான் கார் ஓட்டப் பழகுகிறேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டச் சாலைக்கு நவரட்ணம் வண்டியைக் கொண்டுவந்து விடுவார். அப்பா பக்கத்தில் இருந்து கியரைக் காதால் பார்த்துச் சொல்லித் தருவார். வழியில் என்னென்ன வரும் என்று எனக்கு முன்னமே பழக்கம், கையும் காலும்தான் புதிது. போலீஸ் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதில் ஒரு அதிசயம். நான் ஸ்டீரிங்கைப் பிடித்த அன்றே வண்டியின் வியாதி எல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது அது குலுங்கினால், அக்கா கிளச்சை விடுகிற விதம் சரியில்லை என்கிறார்கள். நின்றால், அக்கா பயந்துவிட்டா என்கிறார்கள். போன கிழமை பெட்ரோல் தீர்ந்து நின்றதற்குக்கூடச் சிவசாமி, பொம்பளைங்க ஓட்டினா அப்படித்தான் லா என்றானாம். டயரையும் பிரேக்கையும் இப்போது யாரும் குறை சொல்வதில்லை.

ஆகையால் நீ விளக்கு ஒன்றும் வாங்கி அனுப்பாதே. இனி உன் கடிதங்களை நானே வாசித்துக் காட்டுவேன், கண்ணைப் பற்றி இரங்கி எழுதாமல் வண்டியைப் பற்றிக் கேட்டு எழுது, அவர் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன். காட்டுக்குள் நில அளவை வேலைக்குப் போகும்போது கொதித்த தண்ணீரைக் குடி, நனைந்த சப்பாத்தோடு திரியாதே, எண்ணெய் தேய்த்து முழுகு. இதை ஒட்டுமுன் அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார், மூவார்த் துறையில் எஞ்சின் தானாக நிற்கவில்லை, தானே நிறுத்தியதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

மார்கழியில் நாங்கள் ரயிலில் சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் நிற்போம். உனக்கு எல்லா நலமும் நீண்ட ஆயுளும் வாய்க்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கப்பல் தட்டில் நின்று எல்லோரையும் போலக் கைக்குட்டையை ஆட்டாதே, அதை நான் ஒருத்திதான் காண்பேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்படாமல், கரை நெருங்கியதும், உரத்த குரலில் அப்பா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலாம்பிகை