சாய்ந்து நின்ற சிவப்பு வண்டி

அன்பு மகள் பொடிசுக்கு,

இங்கே நான், உன் சித்தி, உன் சிவப்பு வண்டி மூன்று பேரும் சுகம். அந்த மூன்றாவது ஆளும் சுகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவில் புகுந்து சிரிப்பாய், காகிதத்தில் குறுக்கே பேச எவனாலும் முடியாது.

முதல் சேதி, வண்டியை இன்னும் விற்கவில்லை. போன மாதம் நீ, இப்படி ஆயில் குடிக்கிற வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, வித்துடுங்க சித்தப்பா என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வண்டியைத் துடைச்சீங்களா என்று கேட்டாயே, அது என்னை என்னவோ செய்துவிட்டது. மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய், காசு சேர்த்து நீ செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்றே. வாங்குகிற ஆள் இந்தச் சனிக்கிழமை வந்தார். பிள்ளை இன்னொரு தடவை வாயால் சொன்னால்தான் சாவி என்றேன். என் கம்பீரத்தைப் பார்த்து மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார். செருப்பைத் தேடித்தான் போனார் என்கிறாள் சித்தி, அதை நீ நம்பாதே.

நடந்ததைச் சொல்கிறேன். வாரம் ஒரு தடவை வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து நம் வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தி, சூட்டோடு சூடாக ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்ப்பேன். ஆயில் அதிலுள்ள கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கும். உடனே அரை லிட்டர் ஊற்றுவேன். அடுத்த வாரமும் அதே கதை, பின்னால் நீலப் புகை வேறு. வண்டிக்கு அடியில் படுத்தாலும் கூலிங்கிளாஸைக் கழற்றாத நம் மெக்கானிக் புகையைப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும் என்றார். அதைத்தான் உன்னிடம் சொன்னேன். தெருவே புகையில் முங்கிப்போச்சு என்றது மட்டும் கொஞ்சம் கூடுதல். எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும்தான்.

ஆனாலும் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், அதாவது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. சும்மா விடுவேனா? விற்பதற்கு முன்னால் முறையாகப் பார்த்துவிடலாம் என்று வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன், சித்தியும் கூட வந்தாள். மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷன், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று பார்த்தார், நாலும் ஒரே மாதிரி நன்றாகக் காட்டியது. ரிங் போயிருந்தால் அழுத்தம் இறங்கியிருக்கணுமே என்று தலையைச் சொறிந்தார். கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆனால் இன்ஜின் மூச்சு விடுகிற குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் சொதசொத என்றிருக்கிறது. அப்புறம் கம்பியை உருவினார். ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை! யாரய்யா ஊற்றினது என்று நான் அவரிடமே சண்டைக்குப் போனேன். சித்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். இங்க தரை மட்டமா இருக்கு, நம்ம வாசல்ல வண்டி அண்ணாந்துக்கிட்டு நிக்குது, சாய்ச்சு வெச்ச டம்ளர்ல தண்ணி ஒரு பக்கமாத்தானே ஒதுங்கும், இது தெரியாம ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கீங்களே என்றாள். கூலிங்கிளாஸ் மெக்கானிக் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். ஓடி நின்ற உடனே பார்த்தாலும் தப்புதான், மேலே போன ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிஷம் வேணும் என்று அவர் பங்குக்கு ஒரு குட்டு வைத்தார். அளவுக்கு மேலே ஊற்றினதெல்லாம் உள்ளே நுரைத்து, அந்தக் குழாய் வழியாக ஏறி எரிந்துதான் அத்தனை புகை. உன் வண்டி குடிக்கவில்லை பொடிசு. நான்தான் பிடித்துவைத்துப் புகட்டியிருக்கிறேன்.

அளவுக்கு மேலே இருந்ததை வடித்தால் ஒன்றரை லிட்டர். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருப்பேன், நிஜமாகவே சரியாச்சா என்று பார்க்காமல் ஆசை காட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு வாரம், அறுநூறு கிலோமீட்டர், நானே ஓட்டினேன். ஒரு லாரியைக்கூட முந்தினேன். நின்றுகொண்டிருந்த லாரி என்று சித்தி சொல்வாள். மட்டமான தரையில் நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தோம், ஆயில் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. புகையும் இல்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இனிமேல் பயமில்லை. ஆயில் கேன் சித்தியின் பீரோவில், பீரோ சாவி சித்தியின் இடுப்பில். எனக்குத் துடைக்கிற உரிமை மட்டும்தான். நீ வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நீண்ட ஆயுசோடு இரு மகளே. விற்கணுமா, வெச்சுக்கணுமா என்று மறக்காமல் ஒரு வரி எழுது. வெச்சுக்கணும் என்றே எழுது.

இப்படிக்கு,
உன் வண்டியின் நோயைக் கண்டுபிடித்த
(நோயைக் கொடுத்ததும் இவர்தான் என்று சித்தி எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்)
சித்தப்பா